டீகால் புட்டி

சோழவரம், செங்குன்றம், பொன்னேரி பக்கத்து ஜனங்களுக்கு சென்னை ஸ்டான்லி மருத்துவமனை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். 1780களின் பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றியதால் வந்த பெயர். நான் சோழவரத்திலிருந்து பஸ் ஏறி, நகரத்து பேத்தாலஜி லேபுகளில் டெக்னீஷியனாக இருந்தவன். ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே: "சதை எடுத்தவங்களுக்கு சீக்கிரமா ரிப்போர்ட் வந்துடுது, எலும்புக்கு மட்டும் ஏம்பா இவ்ளோ நாளு?"

காரணம் எலும்பின் கடினம்தான். 1691-ல் லண்டன் மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸ் எலும்புக்குள் ஓடும் நுண்குழாய்களைப் பற்றி எழுதினார். அதன் பிறகும் நெடுங்காலம், காய்ந்த எலும்பை ரம்பத்தால் அறுத்து, வெளிச்சம் ஊடுருவும்வரை கல்லில் தேய்த்துத்தான் பார்த்தார்கள். செல் குடியிருந்த குழி தெரியும், செல் இருக்காது. புற்றா, காசநோயா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 1893-ல் ஃபெர்டினாண்ட் புளூம் ஃபார்மலின் திசுவைப் பதப்படுத்தும் என்று கண்டுசொன்னார். ஆனால் ஃபார்மலினில் கிடந்தாலும் எலும்பு கல்தான். திசுவை மெல்லிசாகச் சீவும் மைக்ரோடோம் கத்தி அதில் பட்டால் முனை போய்விடும். முதலில் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்க வேண்டும். அதைத்தான் நாங்கள் 'டீகால்' என்போம்.

எலும்புத் துண்டை காஸ் துணியில் முடிந்து, நூல் கட்டி, ஃபார்மிக் அமிலப் புட்டியில் தொங்கவிடுவோம். அடியில் கிடந்தால் கரைந்து இறங்கும் கால்சியம் அதையே சூழ்ந்துகொள்ளும். கூடப் போடும் நம்பர் சீட்டைப் பென்சிலால்தான் எழுதுவோம். மையை அமிலம் தின்றுவிடும், பிறகு யார் எலும்பு என்று யாருக்குத் தெரியும்? நாளுக்கொரு முறை புட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து, அம்மோனியாவும் அம்மோனியம் ஆக்சலேட்டும் விடுவோம். பால்போல் கலங்கினால் சுண்ணாம்பு இன்னும் இறங்குகிறது, தெளிவாக இருந்தால் முடிந்தது. ஊசியால் குத்திப் பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, திசு கிழியும்.

சுண்ணாம்பு போன எலும்பு ரப்பராய் வளையும். மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கொலாஜன். அதன் மூன்று இழை முறுக்கை 1954-55-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரைந்து காட்டியவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை பொங்கும்.

நைட்ரிக் அமிலத்தில் வேலை சீக்கிரம் முடியும். ஒரு நாள் கூடிப்போனாலும் செல்லின் கரு ஹெமடாக்சிலின் சாயத்தைப் பிடிக்காது, ஸ்லைடு முழுக்க இளஞ்சிவப்பாய் வெளிறிக் கிடக்கும். டாக்டரால் ஒன்றும் சொல்ல முடியாது, நோயாளியை மறுபடி அறுக்க வேண்டிவரும். சிறிய மஜ்ஜைத் துண்டென்றால் மெதுவாகச் சுண்ணாம்பை இழுக்கும் ஈடிடிஏ கரைசலில் போடுங்கள், நாள் பிடித்தாலும் பரவாயில்லை என்றே இளம் டெக்னீஷியன்களிடம் சொல்கிறேன். ஊர்க்காரர்களிடமும் அதையேதான் சொல்கிறேன்.