மோட்டார் இயந்திரத்தின் மூச்சுக்குழாய்: ஒரு வரலாற்று நோக்கு

களனி கங்கை கடலோடு கலக்கும் வாயிலை அடுத்திருப்பதால் வடகொழும்பின் ஊரொன்று முகத்துவாரம் என்னும் பெயர் பெற்றது. உட்சேர்ந்தது வெளியேற ஒரு வாய் வேண்டும் என்பது ஆற்றுக்கு மட்டுமன்றி இயந்திரத்துக்கும் பொருந்தும். முகத்துவாரத்தை அடுத்துள்ள கொழும்புத் துறைமுகத்தில் காலந்தோறும் வந்திறங்கிய மோட்டார் வண்டிகளை நோக்கின், இயந்திரத்தின் அவ்வாய் எவ்வாறு மாறிற்று என்பது புலப்படும்.

சிலிண்டரில் எரியும் வாயுவின் ஒரு சிறுபகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து, கிராங்க் கேஸ் எனப்படும் அடியறைக்குள் இறங்குகிறது. அது வெளியேறாவிடின் உள்ளே அமுக்கம் மிகும். எண்ணெய் அடைப்புகளைப் பிதுக்கிக்கொண்டு கசியும். நீராவியும் அமிலமும் சேர்ந்து எண்ணெய் சேறாகும்.

முற்கால வண்டிகளில் இதற்கு ஒரு திறந்த குழாயே பரிகாரமாக இருந்தது. 1948 முதல் 1971 வரை உற்பத்தியான மொறிஸ் மைனர், இலங்கையில் பெரிதும் பழக்கமான வண்டி. அதன் முந்திய மாதிரிகளில் இத்தகைய குழாயொன்று இயந்திரத்தின் பக்கவாட்டிலிருந்து நிலத்தை நோக்கி இறங்கியது. வாயு வீதியிற் கலந்தது. அதனை எவரும் குறையாக எண்ணவில்லை.

அவ்வெண்ணத்தை மாற்றியது லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் புகைமூட்டமாகும். ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனைத் தோற்றுவிக்கின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன் ஸ்மிட் எடுத்துக்காட்டினார். வண்டியொன்று வெளிவிடும் ஐதரோகாபன்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்திறந்த குழாயின் வழியே செல்வதும் அறியப்பட்டது. 1961ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் கலிபோர்னியாவிலும், 1963ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் ஐக்கிய அமெரிக்கா முழுவதிலும், வாயுவை மீண்டும் இயந்திரத்துக்கே ஊட்டி எரிக்கும் வால்வு பொருத்தப்பட்டது. பின்னர் அமைப்பு முற்றாக மூடப்பட்டது.

1977இல் இலங்கையின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் பெருகி வந்த யப்பானிய வண்டிகள் இம்மூடிய அமைப்பைக் கொண்டிருந்தன. பெற்றோல் வண்டிகளில் வளிவடிகட்டிப் பெட்டியையும் இயந்திர மேல்மூடியையும் ஒரு குழாய் இணைக்கும். அது சாதாரண ஓட்டத்தில் தூய வளியை உள்ளே செலுத்தும். இயந்திரம் கடும் சுமையை இழுக்கும்போது மிகுந்த வாயுவைத் திருப்பி எடுத்துச் செல்லும்.

மூலப் பெட்டியை அகற்றி வேற்று வடிகட்டி பொருத்துவோர் இடர்ப்படுவது இக்குழாயிலேயே. அதனை அடைத்தால் பழைய அமுக்கம் திரும்பும். தொங்கவிட்டால் வீதியின் தூசு இயந்திரத்துள் புகும். வளியை அளந்து எரிபொருள் ஊட்டும் வண்டிகளில், அளவிடப்படாத வளி நுழைந்து கலவை பிழைக்கும். குழாயின் முனையில் சிறு வடிகட்டியை மாட்டுவது தூசைத் தடுக்குமேயன்றி மற்றக் குறைகளைப் போக்காது. வடிகட்டிக்கும் வளியளவிக்கும் அப்பால், திறொட்டில் வால்வுக்கு முன்பாக, உள்ளெடுப்புக் குழாயில் இணைப்பதே தகும். எண்ணெய் மிகுதியாக வருமாயின் இடையில் ஒரு சேகரிப்புக் கலன் வைத்து, அதனைக் காலந்தவறாது வெறுமையாக்குதல் வேண்டும்.

இலங்கையில் 2008இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையில் கருவி வைக்கப்படுவது புகைபோக்கியின் முனையிலாகும். கழன்று தொங்கும் மூச்சுக்குழாய் கக்குவதை அது அளப்பதில்லை. சான்றிதழ் பெற்ற வண்டியும் மொறிஸ் மைனர் காலத்து ஆவியை வீதியில் விட்டுச் செல்லலாம். சட்டமும் அறிவியலும் அரிதின் முயன்று மூடிய வாயைத் திறப்பதும் மூடுவதும் இறுதியில் பழுதுபார்ப்பவரின் கையிலேயே தங்கியுள்ளன.