இலங்கையின் படமாளிகைக்காரர்

கொழும்பிலே சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தை என்றொரு வீதி உண்டு. பெயர்பெற்ற றீகல் படமாளிகை எழுந்தது அவ்வீதியிலேயே. வீதிக்குப் பெயர் ஈந்தவர் அரசருமல்லர், ஆளுநருமல்லர். படங்காட்டுவதைத் தொழிலாகக் கொண்ட ஒரு தமிழர். அப்பெயரை நாள்தோறும் உச்சரிப்போருள் அவர் யாரென அறிந்தவர் மிகச் சிலரே. நடிகரைப் பற்றியும் பாடகரைப் பற்றியும் ஏடு ஏடாக எழுதிய நமது நாட்டிலே, படமாளிகையைக் கட்டி, விளக்கணைத்து, வெண்டிரையில் ஒளிபாய்ச்சிய மனிதரைப் பற்றி எழுதியவர் அரியர்.

இலங்கையில் முதன்முதற் படங்காட்டப்பட்டது 1901 ஆம் ஆண்டில். பார்த்தவர்கள் ஒருபுறம் ஆளுநரும் அவரது பரிவாரமும். மறுபுறம் தென்னாபிரிக்கப் போரிற் பிடிக்கப்பட்டு இங்கு சிறைவைக்கப்பட்டிருந்த போயர்கள். ஆண்டவரும் அடைபட்டவரும் ஒரே காட்சியைக் கண்டனர் என்பது வேடிக்கையான தொடக்கமே. அதன் பின்னர் வார்விக் மேஜர் என்னும் ஆங்கிலேயர் பயஸ்கோப் காட்டினார். கல்கத்தாவிலிருந்து மதன் என்னும் பார்சி வணிகரின் கம்பனி வந்து கொழும்பிலே காலூன்றியது. 1925 இல் நூர்பாய் என்பவர் இந்நாட்டு நடிகரைக் கொண்டு ஒரு மௌனப் படம் எடுப்பித்தார். பிற்காலத்தில் இடதுசாரித் தலைவராய் விளங்கிய என். எம். பெரேரா அதில் நடித்தார். அப்படம் இங்கு காட்டப்பெறாமலே எரிந்து போயிற்று. இவ்வாறாக, தொடக்கத்திலிருந்தே இத்தொழிலில் இறங்கினோர் பெரும்பாலும் சிறுபான்மையினரும் வெளியிலிருந்து வந்தோருமே. நிலமும் பதவியும் உள்ளவர் பயஸ்கோப்பை இழிதொழில் என ஒதுக்கினர்; ஒதுக்கிய இடத்திலே வணிகர் புகுந்தனர்.

கார்டினர் 1928 இல் சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியைத் தோற்றுவித்தார். மூன்று ஆண்டுகளில், 1931 இல், சென்னையிலே காளிதாஸ் வெளியாகித் தமிழ் பேசும் படம் பிறந்தது. வேளை அறிந்து விதைத்தவர் அவர் எனல் வேண்டும். நாற்பதுகளின் பின் கே. குணரத்தினம் என்னும் மற்றொரு தமிழர் சினிமாஸ் லிமிடெட் நிறுவனத்தை நடத்தினார். இவ்விரண்டோடு சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து, இலங்கையின் படத்தொழிலைத் தம் கைக்குள் வைத்திருந்தன. ஊர்தோறும் தனிமாளிகை வைத்திருந்த சிறு உரிமையாளர்கள் இவர்களிடமிருந்தே படம் பெற்றனர்.

அச்சிறு உரிமையாளரின் வாழ்க்கை எளிதானதன்று. ஆயிரம் அடிச் சுருள் ஒன்று பதினொரு நிமிடத்தில் ஓடி முடியும். ஒரு பிரதியை இரண்டு மாளிகைகள் பங்கிட்டுக் கொண்டால், ஓடி முடிந்த சுருளைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு ஒருவன் அடுத்த மாளிகைக்கு ஓட வேண்டும். வழியிற் சில்லுக் காற்றுப் போயிற்றென்றால், அங்கே கலரியில் இருந்தவர் விசிலடித்துக் கூரையைப் பிய்த்தனர். பழைய சுருளோ எளிதிலே தீப்பற்றும் நைத்திரேற்றுப் பொருளால் ஆனது. ஒளியோ இரு கரிக்குச்சிகளிடையே எரியும் மின்சுடர். இவ்விரண்டையும் ஒரு சிற்றறையில் அருகருகே வைத்து, இரவு இரவாகத் தொழில் செய்தவனின் நெஞ்சுரத்தை எண்ணிப் பார்க்கலாம்.

படம் மாறும் நாளில் மாட்டுவண்டியின் இருபுறமும் விளம்பரத் தட்டி கட்டி, மேளம் முழங்க, துண்டுப் பிரசுரம் வீசிச் செல்வர். 1950 இல் வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிய பின், வண்டி போகாத ஊருக்கும் படத்தின் பெயரும் பாட்டும் காற்றிலே சென்றன. பாடசாலைக் கட்டடத்துக்கோ வாசிகசாலைக்கோ பணம் வேண்டுமாயின் உதவிக் காட்சி கேட்டு ஊரார் சென்ற இடமும் படமாளிகையே.

இங்கே ஒன்றை நின்று நோக்குதல் தகும். யாழ்ப்பாணத்திலே அந்நாளில் தேநீர்க் கடையிற் சாதிக்கொரு பாத்திரம் இருந்தது. 1920களின் இறுதியில் அரசாங்கம் பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டுமென்றபோது மேற்சாதியார் பலர் எதிர்த்து நின்றனர். மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடு என்று மக்கள் நின்றது 1968 இல். அதாவது, பள்ளிக்கூடமும் கோயிலும் தயங்கிய காலத்திலே, படமாளிகை வாசலில் ரிக்கற் விற்றவன் எவரையும் எந்தக் குலம் என்று கேட்கவில்லை. விளம்பர வண்டியின் முன்னே மேளம் அடித்தவனும் காசு கொடுத்தால் அன்றிரவு உள்ளே அமரலாம். தமிழரெல்லாம் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலையரங்கு திரையரங்கே என்று பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981 இல் எழுதியது இதனையே. கலரி, முதலாம் வகுப்பு, பல்கனி என்ற பிரிவு இல்லாமலில்லை. ஆயினும் அது பணத்தாலான பிரிவு, பிறப்பாலானதன்று. படமாளிகைக்காரர் சீர்திருத்தவாதிகளல்லர். நாற்காலி நிறைய வேண்டும் என்பதே அவர் கொள்கை. அக்கொள்கை செய்த வேலையைப் பல பிரசங்கங்கள் செய்யவில்லை.

அதே நாற்காலிக் கணக்குத்தான் சிங்களப் படத்தையும் பிறப்பித்தது. தமிழ்ப் படத்தையும் இந்திப் படத்தையும் மொழி விளங்காமலே சிங்கள மக்கள் கூட்டங் கூட்டமாகப் பார்த்து வந்தனர். அவர்கள் மொழியிலேயே படம் வந்தால் எவ்வளவு கூட்டம் வரும் என்று வணிகர் எண்ணினர். 1947 ஜனவரி 21 இல் வெளியான முதற் சிங்களப் பேசும் படமாகிய கடவுனு பொறொந்துவவைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர், படமாக்கப்பட்டது மதுரையில், நெறிப்படுத்தியவர் ஒரு வங்காளி, நடித்தோர் ஜயமான்ன சகோதரர்களின் நாடகக் குழுவினர். குணரத்தினம் 1953 இல் சுஜாதாவை வெளியிட்டார். ஹெந்தளையில் விஜயா கலையகத்தையும் அமைத்தார்.

இப்படங்கள் தென்னிந்தியப் படங்களின் நகல்கள், சிங்களக் கிராமத்தின் மண்வாசனை இல்லாதவை என்று விமரிசகர் குறைகூறினர். அக்குறை பொய்யன்று. எந்தப் படம் எப்போது திரைக்கு வரும் என்பதைச் சிலரே தீர்மானித்ததும் மெய். ஆனால் வரலாறு ஒரு பக்கம் மட்டும் சாய்வதில்லை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956 இல் ரேகாவ என்னும் புதுவழிப் படத்தை எடுத்துப் பணத்திலே தோல்வி கண்டபோது, அவருக்கு அடுத்த படமாகிய சந்தேசயவை 1960 இல் எடுக்க வாய்ப்பளித்தவர் குணரத்தினமே. பீரிஸின் நிதானய என்னும் படம் சிலோன் தியேட்டர்ஸின் தயாரிப்பு. அந்தோனிப்பிள்ளை அதன் தயாரிப்பாளர். 1997 இல் ஐம்பதாண்டுச் சிங்களப் படங்களுள் முதலிடம் அதற்கே அளிக்கப்பட்டது. அது வெளியான 1972 ஆம் ஆண்டிலேயே அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கி, இறக்குமதியையும் விநியோகத்தையும் ஏற்றுக்கொண்டது. கம்பனிகளின் காலம் அத்துடன் தேய்ந்தது.

சட்டத்தால் வந்த இழப்பை வணிகர் தாங்கிக் கொண்டனர். 1983 ஜூலையில் வந்தது வேறு. தமிழருடையவை என்ற ஒரே காரணத்துக்காகக் கடைகளும் தொழிற்சாலைகளும் எரிந்த அந்நாட்களில், படமாளிகைகளும் எரிந்தன. சிங்களப் படங்களை நெறிப்படுத்தி வந்த கே. வெங்கட் கொல்லப்பட்டார். 1990 இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப் போக, வடக்கின் திரைகளும் நெடுங்காலம் இருண்டு கிடந்தன. குணரத்தினமோ நாட்டைவிட்டு நீங்கவில்லை. 1989 இல், வேறொரு கிளர்ச்சியின் நடுவே, சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஹெந்தளையில் விஜயா கலையகமும் 1983 ஜூலையில் தீக்கிரையாயிற்று. தமிழரின் சொத்து என்று அதற்குத் தீ வைத்தனர். உள்ளே இருந்து எரிந்தவற்றுள் சிங்களப் படங்கள் பலவற்றின் மூலச் சுருள்கள் இருந்தன.