தரங்கம்பாடி

மயிலாடுதுறை மாவட்டத்தில், காரைக்காலுக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் வங்கக் கடலோரத்தில் அமைந்த பழைய துறைமுக ஊர். 1620 முதல் 1845 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, டென்மார்க்கின் ஆளுகையில் இருந்தது. கோட்டை, தமிழ் அச்சு வரலாறு, லுத்தரன் திருச்சபை ஆகிய மூன்றுக்காகவும் நூல்களில் இடம்பெறுகிறது. ஊரின் பெரும்பகுதி மீனவர் குடியிருப்பு என்பதும், டேனியர் வருமுன்பே அவர்கள் அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதே நூல்களில் ஓரிரு வரியோடு முடிந்துவிடும்.

ஊரின் எழுத்துச் சான்று மாசிலாமணிநாதர் கோயிலிலிருந்து தொடங்குகிறது. கி.பி. 1305-ஐ ஒட்டி மாறவர்மன் குலசேகர பாண்டியன் இக்கோயிலுக்கு நிலம் அளித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்று ஊருக்கு வழங்கிய பழைய பெயர்களும் அதில் உண்டு. பட்டினம் என்ற பெயரே அன்று கடல் வாணிகம் இருந்ததைக் காட்டும். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியது அண்மைக் காலத்தில் திருப்பணி கண்டு, அலைக்கும் அதற்கும் நடுவே கருங்கல் தடுப்போடு நிற்கிறது.

டேனியர் இங்கே வந்தது திட்டமிட்ட வருகை அல்ல. 1616-இல் நான்காம் கிறிஸ்தியான் மன்னர் தொடங்கிவைத்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள், கண்டி அரசரோடு உடன்படிக்கை செய்யத்தான் இலங்கைக்குப் புறப்பட்டன. அவை போய்ச் சேருவதற்குள் கண்டி அரசர் போர்த்துகீசியரோடு சமாதானம் செய்துகொண்டார், பேச்சு பலிக்கவில்லை. அதே கம்பெனிக்காக முன்னதாக வந்த ரோலண்ட் கிராப்பேயின் கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துகீசியர் மூழ்கடித்தனர். தப்பிய அவர் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். போர்த்துகீசியருக்குப் போட்டியாக இன்னொரு வியாபாரி கிடைத்தால் நாயக்கருக்கும் லாபம்தான். 1620 நவம்பரில் கப்பற்படைத் தலைவர் ஓவே ஜெட்டே உடன்படிக்கை செய்துகொண்டார். ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகை என்று சொல்லப்படுகிறது. நாயக்கர் டேனிஷ் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது.

அந்த ஆண்டே டான்ஸ்போர்க் கோட்டை எழத் தொடங்கியது. கீழ்த்தளத்தில் கிடங்கு, சமையலறை, சிறை. மேல்தளத்தில் ஆளுநர் அறை, வழிபாட்டு அறை. மேல்தளத்து நடுக்கூடத்தின் வளைந்த கூரைகள் ஒற்றைத் தூணில் வந்து கூடுகின்றன. கோட்டைக்குள் போகிறவர்கள் பார்க்காமல் வரக்கூடாத இடம் அதுதான்.

மிளகும் துணியும் ஏற்றப்போன கம்பெனிக்கு லாபம் நிலைக்கவில்லை. 1639-க்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு கப்பல்கூட வரவில்லை. ஐரோப்பாவில் போர், தாய்நாட்டுக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே மறந்துபோன நிலை. கோட்டையில் எஞ்சியவர்கள் சாவதும் ஓடிப்போவதுமாகக் குறைந்தார்கள். எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற எளிய குடும்பத்து மனிதர் தலைமையேற்று, வங்காளக் கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையிட்டும், முற்றுகையிட்ட நாயக்கர் படையைச் சமாளித்தும், ஊரைச் சுற்றி மதில் எழுப்பியும் காலம் தள்ளினார். 1669-இல் 'ஃபாரோ' என்ற கப்பல் வந்தபோது கொடி இறங்காமலே இருந்தது. தரங்கம்பாடியின் ஆளுநர்களில் பிறப்பாலும் பதவியாலும் பெரியவர்கள் பலர். ஊரைக் காப்பாற்றியவர் இவர்தான்.

1706 ஜூலை 9 அன்று ஜெர்மானியப் பாதிரியார்கள் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுச்சாவும் வந்திறங்கினர். அனுப்பியவர் டேனிஷ் மன்னர் நான்காம் பிரடெரிக். வரவேற்காதவர்கள் அவருடைய சொந்த அதிகாரிகள். சீகன்பால்க் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஆளுநர் ஹாசியஸோடு ஏற்பட்ட தகராறில் நான்கு மாதம் கோட்டைச் சிறையிலும் இருந்தார்.

அச்சு வேலை இங்கேதான் வேரூன்றியது. தமிழில் முதல் அச்சு என்று இதைச் சொல்லிவிடுகிறார்கள், அது சரியல்ல. 1578-இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஆனால் அந்த முயற்சி தொடராமல் அறுந்துபோனது. தரங்கம்பாடிக்கு லண்டனிலிருந்து 1712-இல் அச்சு இயந்திரமும், அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துருக்களும் வந்தன. ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துக்கள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. சீஸ் வந்த பெட்டிகளின் ஈய உறையை உருக்கிச் சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தார்கள் என்பார்கள். காகிதமும் பற்றாக்குறையானபோது அருகே பொறையாற்றில் பட்டறை போட்டார்கள். அந்த இடம் இன்றும் கடுதாசிப்பட்டறை. புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் முழுமையாக வெளிவந்தது. தமிழர் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்க் 1713-இல் எழுதிய நூலின் கதை வேறு. பிறமதச் செய்தியைப் பரப்புவதற்காகவா உங்களை அனுப்பினோம் என்ற எண்ணம் ஹாலேயில் இருந்த மிஷன் ஆதரவாளர்களிடம் இருந்ததால் அது 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. 1718-இல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் மன்னரின் முடிச்சின்னமும், உள்ளே பலிபீடத்தின் முன் சீகன்பால்கின் கல்லறையும் உள்ளன. 1719-இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த லுத்தரன் மிஷன் வேறொரு வகையில் பெயர் பெற்றது. தாவரவியலர் லின்னேயஸின் மாணவரான மருத்துவர் கோனிக் 1768-இல் வந்து செடிகொடிகளைச் சேகரித்தார். 1771-இல் வந்த பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் பள்ளி நடத்தியதோடு, சிப்பி, மீன், பாம்பு என்று எதையும் விடாமல் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். மீன்கள் பெர்லினில் மார்க்குஸ் எலியேசர் புளோக் என்ற மருத்துவரிடம் போயின. அக்கால மீனியலின் முதன்மை நூலை எழுதியவர் அவர். நன்றியாக 1793-இல் ஒரு மீன் பேரினத்துக்கே ஜானியஸ் என்று பெயரிட்டார். நம் கடைத்தெருவில் கத்தாழை என்று கேட்டு வாங்கும் மீன்களில் பல அந்தப் பேரினத்தைச் சேர்ந்தவை. விலை குறைவு, குழம்புக்கு உகந்தது, தலைக்குள் வெள்ளைக் கல் இருக்கும். அறிவியல் பெயர் பாதிரியாருக்குப் போனது. கட்டுமரத்தில் போய்ப் பிடித்துவந்தவர்கள் யார் என்பது எந்த நூலிலும் இல்லை. நாட்டு நடப்பு எப்போதும் அப்படித்தான்.

1777-இல் ஊர் கம்பெனியிடமிருந்து டேனிஷ் அரசின் நேரடி ஆட்சிக்கு மாறியது. நிலவாயில் என்று சொல்லத்தக்க நகர வாசல் 1792-இல் இப்போதைய வடிவம் பெற்றது. நெப்போலியன் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் இருமுறை ஊரைப் பிடித்தனர். 1845-இல் தரங்கம்பாடியும் வங்காளத்து செராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் கைமாறின. சில காலம் தஞ்சை ஆட்சியரின் தலைமையிடமாகவும் இருந்த ஊரை, நாகப்பட்டினத்துக்கு 1861-இல் வந்த ரயில் ஓரங்கட்டியது. சரக்கு அங்கே போயிற்று. அன்று மாயவரம் எனப்பட்ட மயிலாடுதுறையிலிருந்து இங்கே ஒரு கிளைப்பாதை 1926-இல் வந்தது. அதுவும் 1986-இல் நின்றது. வியாபாரம் போனதால்தான் பழைய தெரு தப்பியது. வளர்ந்திருந்தால் இடித்துக் கட்டியிருப்பார்கள்.

கோட்டை 1970-களின் இறுதி வரை பயணியர் விடுதியாக இருந்து, பின் மாநிலத் தொல்லியல் துறையிடம் வந்தது. இப்போது அருங்காட்சியகம். டென்மார்க்கின் உதவியோடு பழுதுபார்ப்புகளும் நடந்தன.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மீனவர் தெருக்களைத்தான் முதலில் அடித்தது. அப்போதைய நாகை மாவட்டம் தமிழகத்திலேயே மிக அதிக உயிர்களை இழந்தது. தரங்கம்பாடியும் அதில் தன் பங்கைக் கொடுத்தது. பிறகு கடலிலிருந்து தள்ளிப் புதிய வீடுகள் கட்டித் தந்தார்கள். வலையும் படகும் கரையில், வீடு உள்ளே என்ற ஏற்பாட்டுக்குப் பழக நாளாயிற்று. கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகு பிடித்துக்கொண்டது.

இப்போது வருகிறவர்கள் மயிலாடுதுறையிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ பேருந்தில் வந்து, நகர வாசல் வழியாக நேர்த் தெருவில் நடந்து, வழியில் உள்ள இரு தேவாலயங்களையும் தாண்டிக் கோட்டையில் முடிப்பார்கள். அரை நாள் போதும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இந்தக் கடற்கரையில் ஓசோன் மிகுதி, மூச்சுக்கு நல்லது என்று வழிகாட்டிகள் சொல்வதை நம்பவேண்டியதில்லை. ஓசோன் மிகுந்தால் நுரையீரலுக்குக் கேடு. கடல் வாசனைக்குக் காரணம் பெரும்பாலும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் கந்தகச் சேர்மம்.

மீனுக்காக வருகிறவர்கள் விடியற்காலையில் கரைக்குப் போகவேண்டும். படகு ஒதுங்கியதும் வலையை உதறி, சங்கரா, நெத்திலி, கானாங்கெளுத்தி, நண்டு என்று குவியல் குவியலாகப் பிரித்து அங்கேயே ஏலம் விடுவார்கள். கூடையோடு காத்திருக்கும் பெண்கள் எடுத்துக்கொண்டு பொறையாறு பக்கம் விற்கப் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் நல்ல மீன் கிடைக்காது. வஞ்சிரமும் பெரிய இறாலும் வெளியூர் வண்டிக்கே போய்விடும் என்பதால், உள்ளூர்ச் சமையலின் ருசி சிறு மீன் குழம்பிலும் சுறாப் புட்டிலும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது ஃபைபர் படகும் கட்டுமரமும் கொண்டுவருவதுதான் மீன். வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும்.