ஐரோப்பியக் கமத்தொழில் மானியமும் பொதுமக்களின் அறியும் உரிமையும்

இரண்டாம் உலக மகாயுத்தம் முடிவுற்ற காலை ஐரோப்பிய நாடுகள் பல உணவுப் பற்றாக்குறையால் வாடின. பட்டினியின் கொடுமையை நேரிற் கண்ட தலைமுறையினரே பின்னர் ஆட்சிப் பொறுப்பினை ஏற்றனர். ஆதலின், 1957ஆம் ஆண்டில் ஆறு நாடுகள் உரோமாபுரியிற் கைச்சாத்திட்ட உடன்படிக்கையிலே, விளைவைப் பெருக்குதல், கமக்காரருக்குத் தக்க வாழ்க்கைத் தரத்தை அளித்தல், நியாய விலையில் உணவு கிடைக்கச் செய்தல் என்பன குறிக்கோள்களாக வரையப்பட்டமை வியப்பன்று. 1962ஆம் ஆண்டிற் பொதுக் கமத்தொழிற் கொள்கை உருப்பெற்றது.

தொடக்கத்தில் மானியம் பணமாகச் சென்றதிலும் விலையினுள் மறைந்து சென்றதே அதிகம். சந்தை விலை குறித்த அளவுக்குக் கீழே தாழுமாயின், அதிகாரிகள் விளைபொருளை வாங்கிக் களஞ்சியங்களிற் சேர்த்தனர். விளைவு பெருகியது, தேவைக்கு மிஞ்சியும் பெருகியது. தேங்கிக் கிடந்த வெண்ணெயை ‘வெண்ணெய் மலை’ எனக் கூறி மக்கள் எள்ளி நகைத்தனர். 1992ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இம்முறையை மாற்றிற்று. தானியங்களின் ஆதரவு விலை குறைக்கப்பட்டு, அதற்கு ஈடாக நிலப்பரப்பின் அளவுக்கேற்பப் பணம் நேரே வழங்கப்பட்டது.

இம்மாற்றத்தால் இரு விளைவுகள் தோன்றின. கூடிய நிலமுடையோர் கூடிய பணம் பெற்றனர் என்பது ஒன்று. பெறுவோர் ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரேயும் ஒரு தொகை பதிவாயிற்று என்பது மற்றொன்று. ஆயினும் அப்பதிவேடுகள் அலுவலகங்களிலேயே அடைபட்டுக் கிடந்தன. பணம் தந்த வரியிறுப்போர் அது சென்ற இடத்தை அறிந்திலர்.

பத்திரிகையாளரின் விடாமுயற்சியால் 2004ஆம் ஆண்டில் டென்மார்க்கு பெயர்களை வெளியிட்டது. தகவல் அறியும் சட்டம் நடைமுறைக்கு வந்த 2005ஆம் ஆண்டிற் பிரித்தானியாவும் அவ்வழியைப் பின்பற்றியது. சிறு கமக்காரரைக் காக்கவென நியாயங் கூறப்பட்ட பணத்தைப் பெற்றோருள், பெருநிலக்கிழாரும் அரச குடும்பத்தினரும் சீனி உற்பத்திசெய்யும் பெருங் கம்பனியும் இருந்தமை அப்பொழுது புலனாயிற்று. நேரடிக் கொடுப்பனவில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு, பெறுவோருள் நூற்றுக்கு 20 பேரையே சென்றடைந்ததென்பது ஐரோப்பிய ஆணைக்குழுவின் கணக்கு. 2009ஆம் ஆண்டு முதல் உறுப்பு நாடுகள் யாவும் பெயரையும் தொகையையும் வெளியிடல் வேண்டுமெனச் சட்டம் விதிக்கப்பட்டது.

இங்கு எதிர்வாதமொன்று எழுந்தது. சிறு தொகை பெறும் கமக்காரரின் வருவாயை ஊரறியச் செய்தல் முறையாகுமா? ஜேர்மனியின் எசன் மாநிலத்தில் மானியம் பெற்ற இரு தரப்பினர் இவ்வினாவை நீதிமன்றுக்குக் கொண்டுசென்றனர். 2010 நவம்பர் 9ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப்பணத்தின் செலவை மக்கள் அறிதல் நல்ல நோக்கமே என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் தொகையின் அளவு, பெற்ற காலம் முதலிய வேறுபாடுகளைக் கருதாது தனியாட்கள் அனைவரின் பெயரையும் வெளியிடுதல் அளவு கடந்ததென அவ்விதிகளைச் செல்லாதனவாக்கியது. கம்பனிகளுக்கு இக்காப்பு வழங்கப்படவில்லை.

தீர்ப்பின் பயனாகத் தனியாட்களின் பெயர்கள் பட்டியல்களினின்றும் மறைந்தன. பெருநிலமுடைய தனவந்தரும் சிறு கமக்காரருடன் அம்மறைவினுள் ஒதுங்க முடிந்தது. இக்குறையை நீக்க 2013ஆம் ஆண்டிற் புதிய சட்டம் பிறந்தது. ஆண்டொன்றுக்கு 1,250 யூரோ வரை பெறுவோரின் பெயர் பொதுவாக மறைக்கப்பட்டுத் தொகை மாத்திரம் வெளியிடப்படும். அதற்கு மேற் பெறுவோரின் பெயரும் வெளியிடப்படும் என்பது அதன் சாரம்.

வறியோரின் பெயராற் பெறப்படும் பொதுப்பணம் வறியோரைச் சேர்ந்ததா என்பதை அறியும் உரிமை மக்களுக்குண்டு. அவ்வுரிமையைச் செலுத்துங்கால் வறியோரையே நாணச் செய்யாதிருத்தல் அரசின் கடமை. ஐரோப்பா இவ்விரண்டினையும் இணைக்கும் சட்டத்தைக் காண அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது.