மரியன்னையும் எம் இரு திருச்சபைகளும்

எமது பாடசாலையில் பயின்ற கிறிஸ்தவ மாணவியருள் இரு சாரார் இருந்தோம். செபமாலையோடு வந்தவர்கள் ஒரு சாரார்; வேதாகமத்தோடும் கீர்த்தனைப் புத்தகத்தோடும் வந்தவர்கள் மறு சாரார். ஒரே யேசுவை வணங்குவோர் ஏன் இரண்டு கோயிலுக்குப் போகிறீர்கள் என்று சைவத் தோழியர் கேட்டால், இரு சாராரிடமும் ஆயத்தமாக ஒரு விடை இருந்தது. “அவர்கள் மாதாவைக் கும்பிடுகிறவர்கள்” என்றது ஒன்று. “அவர்கள் மாதாவை மதியாதவர்கள்” என்றது மற்றது. இந்த இரண்டு விடைகளும் வரலாற்றின் முன் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரிவினை மரியாளால் தொடங்கியதல்ல. 431ஆம் ஆண்டில் எபேசு நகரில் கூடிய சங்கம், அவரை இறைவனின் தாய் என அழைப்பது சரியே என்று ஏற்றுக்கொண்டது. அவர் வயிற்றில் பிறந்தவர் யார் என்பதே அங்கு எழுந்த கேள்வி. லூதரும் இந்தத் தீர்மானத்தை மறுத்தவரல்லர். 1521இல், சபையிலிருந்து விலக்கப்பட்ட அதே ஆண்டில், லூக்கா நற்செய்தியிலுள்ள மரியாளின் பாடலுக்கு அவர் விரிவுரை எழுதினார். மரியாள் என்றும் கன்னியாயிருந்தார் என்பதையும் அவர் நம்பினார். 1517இல் எழுந்த சண்டை பாவமன்னிப்புச் சலுகைகளைப் பற்றியது. பின்னர் அது சபையின் அதிகாரத்தைப் பற்றியதாக விரிந்தது. கிறிஸ்து ஒருவரே இடைநிலையாளர் என்று வற்புறுத்தியபோதுதான், புனிதரிடம் வேண்டலாமா என்ற கேள்வி அதன் தொடர்ச்சியாக வந்தது. ஆராதனை இறைவனுக்கே உரியது, மாதாவிடம் கேட்பது தமக்காக வேண்டிக்கொள்ளும்படி மட்டுமே என்றனர் கத்தோலிக்கர். அதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை, நடைமுறையில் அந்த எல்லையும் நிற்பதில்லை என்றனர் மற்றவர்கள்.

இந்தக் கருத்து வேறுபாட்டை நம் தமிழிலேயே காணலாம். வானதூதர் மரியாளை வாழ்த்திய சொல்லை, பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பைப் பின்பற்றிய கத்தோலிக்கர் ‘அருள் நிறைந்தவர்’ என்றனர். கிரேக்க மூலத்துக்குச் சென்ற புரட்டஸ்தாந்தர் ‘கிருபை பெற்றவள்’ என்றனர். நிறைந்தவரா, பெற்றவளா என்பதில் இறையியல் முழுவதும் அடங்கிவிடுகிறது. எம் அம்மம்மாமார் ‘பிரியதத்த மந்திரம்’ என்று சொல்லி உருட்டிய செபமாலை அந்த முதற்சொல்லிலிருந்தே எழுந்தது.

எம் தீவில் இந்த வழக்கு நூல்களோடு நிற்கவில்லை. 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும், கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களை ஒளித்து வைப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோயில்கள் சீர்திருத்த சபையிடம் போயின, சுரூபங்கள் அகற்றப்பட்டன. திருமுழுக்கும் திருமணமும் பாடசாலைத் தோம்பில் பதியப்பட்டன. மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தை விசுவாசிகள் 1670இல் மடுக் காட்டுக்குக் கொண்டு ஓடினர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகள், சில்லாலை மக்களின் பாதுகாப்பில் மறைந்து பணியாற்றினார். ஆகவே எம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மாதா பக்தி வெறும் கோட்பாடல்ல. தடைசெய்யப்பட்ட காலத்தில் கைவிடாமல் காத்த ஒன்று. அதைப் பரிகசித்தால் அவர்கள் மனம் புண்படுவது இதனாலேயே.

மறு சாராரின் வரலாற்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இன்றைய தமிழ்ப் புரட்டஸ்தாந்த சபைகளில் பெரும்பாலானவை ஒல்லாந்தர் அதிகாரத்தால் உருவானவையல்ல. 1814இல் மெதடிஸ்தரும், 1816இல் அமெரிக்கரும், 1818இல் அங்கிலிக்கரும் தொடங்கிய மிசன் பணியால் வளர்ந்தவை. அவர்களது கருவிகள் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும். 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, பெண் தானே வேதத்தை வாசிக்க வேண்டும் என்பது அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. எழுத்தறிவை அவ்வழியாகப் பெற்ற பெண்கள், எழுதப்பட்டதில் இல்லாத வழிபாட்டை ஐயத்தோடு நோக்கியது இயல்பே.

1841இல் மிசன் தரப்பில் ‘உதயதாரகை’ வந்தது; 1876இல் கத்தோலிக்கர் தரப்பில் ‘சத்தியவேத பாதுகாவலன்’ வந்தது. 1862இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்து பெண் கல்வியில் இறங்கினர். தம் பெண்பிள்ளைகள் மற்றச் சபையின் பள்ளிக்குப் போய்விடுவார்களே என்ற அச்சமும் இரு பக்கத்திலும் பாடசாலைகளைப் பெருக்கியது. அந்தப் போட்டியின் பயனை அனுபவித்தவர்கள் நாம்.

அதன் விலையையும் பெண்களே கொடுத்தனர். கலப்புத் திருமணத்தில், பிள்ளைகள் கத்தோலிக்கராக வளர்க்கப்படுவர் என்று இரு தரப்பாரும் வாக்குறுதி கொடுக்க வேண்டியிருந்தது. மறு சபைப் பெண்ணொருத்திக்கு அது தன் தாய் கற்பித்த செபத்தைத் தன் பிள்ளைக்குக் கற்பிக்கும் உரிமையை விடுவதாக இருந்தது. 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இவ்விதியைத் தளர்த்தினார். அதன்பின் வாக்குறுதி கத்தோலிக்கத் தரப்பாரிடம் மட்டுமே கேட்கப்பட்டது.

1854இல் அமலோற்பவமும் 1950இல் விண்ணேற்பும் விசுவாசக் கோட்பாடுகளாக அறிவிக்கப்பட்டமை இடைவெளியை அகலமாக்கிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், மரியாளுக்குத் தனி ஏடு வேண்டுமா, திருச்சபை பற்றிய ஏட்டிலேயே இடமளிக்கலாமா என்று ஆயர்களே பிளவுபட்டனர். 1963 ஒக்ரோபர் 29இல் 1,114 வாக்குகளுக்கு எதிராக 1,074 என்ற கணக்கில், அவரைத் திருச்சபைக்குள்ளேயே வைத்துப் பேசுவதென முடிவாயிற்று. நாற்பது வாக்குகளே வித்தியாசம். ‘கத்தோலிக்கர் எல்லாரும் ஒரே விதமாய் நினைப்பவர்கள்’ என்போர் இந்த எண்ணை நினைவில் வைக்கலாம். 1995இல் இரு சாராரும் சேர்ந்து மொழிபெயர்த்த தமிழ்த் திருவிவிலியம் வெளிவந்தது. 2005இல் அங்கிலிக்க–கத்தோலிக்க ஆணைக்குழு மரியாள் பற்றிக் கூட்டறிக்கை வெளியிட்டது. ஆயினும் திருத்தந்தை தாமே ஒரு கோட்பாட்டை அறிவித்து எல்லாரையும் கட்டுப்படுத்தலாமா என்ற கேள்வி தீரவில்லை. வேறுபாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது.

போர்க்காலத்தில் மடு வளாகம் எல்லா மதத்தவருக்கும் அடைக்கலமாயிற்று. 1999இல் அங்கு தஞ்சமடைந்திருந்தோர் எறிகணை வீச்சில் மாண்டனர். 2008இல் சுரூபமே மீண்டும் இடம்பெயர்ந்தது. அந்நாட்களில் அங்கு ஒதுங்கியவர்களிடம் எவரும் சபை கேட்கவில்லை.

இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் எம் பிள்ளைகள் சபை கடந்து மணம் முடிக்கிறார்கள். பேரப்பிள்ளையின் திருமுழுக்கு எந்தக் கோயிலில் என்ற பேச்சு பல வீடுகளில் இன்னமும் கண்ணீரில் முடிகிறது. முறைப்படி கொடுக்கப்பட்ட திருமுழுக்கை இப்பெரும் சபைகள் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஏற்றுக்கொள்கின்றன, இருமுறை கொடுப்பதில்லை. இதை முதலில் எடுத்துச் சொல்லக்கூடிய அம்மம்மாவாகவோ பெரியம்மாவாகவோ ஒவ்வொரு வீட்டிலும் எம்முள் ஒருத்தி இருப்பாளாயின், நாம் ஒன்றாகப் படித்ததற்கு அது தக்க பயன்.