தடைக்காலத்தில் எஞ்சின் ஒயில்

1990 ஜூனில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டதும் அரசின் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் அரும்பொருளானது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டுவது வழக்கமாயிற்று.

இதன் சுமை ஒயில் மீதே விழுந்தது. காற்றால் குளிரும் எஞ்சினில் தண்ணீர் இல்லை. பிஸ்டனின் வெப்பத்தை ஒயிலும் சிலிண்டரின் செதில்களுமே வெளியேற்ற வேண்டும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எரியாத பகுதி சிலிண்டர்ச் சுவரில் படிந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அடியிலுள்ள ஒயிலை நீர்க்கச் செய்யும். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் அளவும் குறைவு; அதனால் எஞ்சின் தட்டும், வெப்பம் கூடும். ஹொண்டா சி50 போன்ற சிறு வண்டிகளில் ஒரு லீற்றருக்கும் குறைந்த ஒயிலே எஞ்சின், கிளச், கியர் மூன்றுக்கும் பொது என்பதால் அது விரைவில் கெட்டது.

வடிகட்டும் அமைப்பு மட்டும் தடைக்காலத்துக்குப் பொருந்தியது. அவ்வகை எஞ்சினில் மாற்றவேண்டிய கடதாசி வடிகட்டி கிடையாது. கம்பி வலை பெரிய துகள்களைத் தடுக்கும். வேகமாகச் சுழலும் கிண்ணம் நுண்ணழுக்கை ஓரத்தில் ஒதுக்கும். மூடியைக் கழற்றிக் கழுவினால் இரண்டையும் மீண்டும் பயன்படுத்தலாம்.

2002 ஏப்ரலில் குடாநாட்டைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி திறந்தபின் எரிபொருளும் ஒயிலும் தரைவழியே வந்தன. ஆனாலும் காற்றால் குளிரும் எஞ்சினின் ஆயுள், ஒயிலை உரிய காலத்தில் மாற்றுவதிலேயே இன்றும் தங்கியுள்ளது.