மூடியின் வரலாறு: கோவில்பட்டிக் கரிசலும் காவிரிப் படுகையின் மூடுபாறைகளும்

முன்னுரை

தமிழகத்தின் எண்ணெய், எரிவளி ஆய்வு வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. 1964இல் காரைக்காலில் முதல் ஆழ்கிணறு, 1985இல் நரிமணம், 1993இல் பனங்குடி சுத்திகரிப்பு ஆலை எனச் செல்லும் அவ்வரிசையில், தோண்டியும் பயனின்றிக் கைவிடப்பட்ட கிணறுகளுக்கு இடமில்லை. நிலத்தடியில் எண்ணெய் எவ்வாறு தங்கியது என்னும் வினாவுக்கு, அது தங்காத இடங்களும் சான்றாகும். தேக்கப்பாறையின் மேல் அமைந்து எண்ணெய் மேலேறாமல் தடுக்கும் மூடுபாறையை முன்வைத்து அவ்வினாவை இக்கட்டுரை அணுகுகிறது.

கரிசல் தரும் பாடம்

கோவில்பட்டி வட்டாரத்தில் எண்ணெய் இல்லை. இராபர்ட் புரூஸ் ஃபூட் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை 1883இல் வெளியிட்டார். அப்பகுதியின் அடித்தளம் தொன்மையான படிக உருமாற்றப் பாறை. கரிசல் அதன்மேல் மெல்லிய போர்வை மட்டுமே. எனினும் மூடுபாறையின் இயல்பை விளங்கிக்கொள்ள இம்மண் உதவும். கரிசலில் மிகுந்துள்ள ஸ்மெக்டைட் வகைக் களிக்கனிமம் நீரில் உப்பித் துளைகளை அடைக்கும்; கண்மாயில் நீர் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோடையில் அதே மண் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் மழைநீர் வெடிப்பின் வழியே இறங்கிவிடும். 1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக் கரிசலில் ஈரத்தைக் காக்கும் வழிகளை நாடியபோது எதிர்கொண்ட மண்ணும் இதுவே. பாளத்தின் இறுக்கத்தை மட்டும் அளந்தவர் வெடிப்பைக் கணக்கில் விட்டவராவார்.

ஒப்புமைக்கு எல்லையுண்டு. ஆழத்தில் வெப்பம் ஏறத்தாழ 80 முதல் 120 பாகை செல்சியசை எட்டும்போது ஸ்மெக்டைட் படிப்படியாக இல்லைட்டாக மாறி, உப்பும் திறனை இழக்கிறது. மழை பெய்ததும் கரிசல் வெடிப்பு கூடிவிடுவதுபோல் ஆழத்துக் களிப்பாறையின் விரிசலும் தானே அடைபடும் எனக் கொள்ளவியலாது.

கணக்கும் அதன் எல்லையும்

நுண்துளைகளில் பாதரசத்தைச் செலுத்தி அவற்றின் அளவை அறியும் வழியை வாஷ்பர்ன் 1921இல் முன்வைத்தார். அதன் அடிப்படையில் மூடுபாறையின் தாங்குதிறனைக் கணிக்கும் முறையை ஷோவால்ட்டர் 1979இல் விரிவாக எழுதினார். களிப்பாறையின் துளைக்கழுத்தின் ஆரம் 0.05 மைக்ரோமீட்டர், எண்ணெய்-நீர் இடைமுக இழுவிசை மீட்டருக்கு 25 மில்லிநியூட்டன் எனக் கொள்க. பாறை முற்றிலும் நீரால் நனைவதாயின், எண்ணெய் உட்புக ஏறத்தாழ 1 மெகாபாஸ்கல் அழுத்தம் தேவை. நீருக்கும் எண்ணெய்க்கும் இடையே அடர்த்தி வேறுபாடு கனமீட்டருக்கு 300 கிலோகிராம் எனின், அம்மூடி சுமார் 340 மீட்டர் உயர எண்ணெய்த் தம்பத்தைத் தாங்கும். ஆரம் பத்து மடங்கானால் தாங்கும் உயரம் 34 மீட்டராகக் குறைகிறது. இக்கணக்கு விரலளவு மாதிரியைப் பற்றியது. பல சதுர கிலோமீட்டர் பரந்த மூடியில் ஒரு பிளவு அதனை ஊடறுத்துச் செல்கிறதா என்பதைப் பாதரசம் சொல்லாது.

காவிரிப் படுகையின் சான்று

இவ்வினா காவிரிப் படுகையில் கூர்மை பெறுகிறது. படுகையின் அடிப்பாறை பிளவுகளால் மேட்டுமுகடுகளாகவும் தாழ்பள்ளங்களாகவும் துண்டாடப்பட்டது; ஒரே பிளவு ஓரிடத்தில் அடைப்பாகவும் வேறோரிடத்தில் வழியாகவும் அமையலாம். மாதானத்திலும், கடலினுள் பி.ஒய்-1 வயலிலும் ஹைட்ரோகார்பன் கிடைப்பது விரிசலுற்ற அடிப்பாறையிலிருந்து. கோவில்பட்டிக் கரிசலின் கீழுள்ளதும் தொன்மையான படிகப்பாறையே. பாறையின் விரிசல் இரு இடத்தும் உண்டு. மூலப்பாறையும் அதனை மூடிக் காக்கும் அடுக்கும் ஓரிடத்தில் மட்டுமே உண்டு. சத்தப்பாடி களிப்பாறை போன்ற அடுக்குகள் மூலமாகவும் மூடியாகவும் கருதப்படுவது இதனால் கவனத்திற்குரியது.

அவ்வடுக்கிற்கு இணையான களிப்பாறையை நிலத்தின் மேலேயே காணலாம். பிளான்ஃபோர்டு 1862இல் விவரித்த ஊட்டத்தூர்ப் பாறைத்தொகுதியைச் சேர்ந்த காரைக் களிப்பாறை பெரம்பலூர் மாவட்டத்தில் வெளித்தெரிகிறது. அதன் விரிசல்களை வெண்ணிற ஜிப்சம் நரம்புகள் நிரப்பியுள்ளன. அவை அனைத்தும் ஆழத்தில் உருவானவை என்பது பொருந்தாது. மேற்பரப்புச் சிதைவினாலும் ஜிப்சம் தோன்றும். ஆயினும் இறுகிய களிப்பாறை எங்கெங்கே, எத்திசையில் வெடிக்கிறது என்பதனை அங்கே கண்ணாலேயே அளக்க முடியும். வெற்றுக் கிணற்றின் உள்ளகப் பாறைத்துண்டில் எண்ணெய்க் கறை இருப்பின், எண்ணெய் அங்கு வந்ததற்கு அது சான்று. பின்னர்த் தங்காமற் போனது மூடியின் குறையாலா எனக் கேட்க, கிணற்றுப் பதிவேடுகளையும் காரையின் விரிசல்களையும் ஒருங்கே வைத்துப் படிக்க வேண்டும்.